நோய் வருமுன் எடுத்து வைக்கும் காசு



நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் நோய் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மழை பெய்த மறுநாள் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் வழுக்குவதும், உயர்ந்த மரத்திலிருந்து செம்பனைக் குலை தோளில் விழுவதும், நாற்பது வயதில் இனிப்புநீர் வியாதி உடம்புக்குள் வந்து உட்காருவதும் சொல்லிவிட்டு நடப்பவை அல்ல. அப்படி ஒன்று நேர்ந்தால் செலவுக்கு எங்கே போவது? "காப்புறுதி எடுங்கள்" என்று பலர் சொல்கிறார்கள். "சாப்பாட்டுக்கே கணக்குப் பார்க்கிறோம், காப்புறுதிக்கு எங்கே காசு?" என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இன்று அதைத்தான் நாம் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். கணவர் பழம் வெட்டுகிறார். மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. மனைவி குத்தகைக்காரரிடம் புல் வெட்டவும் உரம் போடவும் போகிறார். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மூவர். வீட்டில் வயதான மாமியார். ஒரு நாள் விடியற்காலை வேலைக்குப் போகும் வழியில் கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொள்கிறார். அன்றிலிருந்து இந்த வீட்டுக்கு நான்கு வகைச் செலவு வருகிறது. முதலாவது, சிகிச்சைச் செலவு. இரண்டாவது, முறிந்த எலும்பைச் சேர்க்க வைக்கும் உலோகத் தகட்டின் விலை. மூன்றாவது, வேலைக்குப் போகாததால் நின்றுபோன சம்பளம். நான்காவது, மனைவி ஆஸ்பத்திரிக்கு அலைவதால் போகும் வண்டிக் காசும் அவருடைய கூலியும். சாதாரணமாக நாம் முதல் செலவை நினைத்துத்தான் பயப்படுகிறோம். ஆனால் வீட்டைச் சாய்ப்பது பெரும்பாலும் மூன்றாவது செலவுதான். இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர்களின் காலத்தில் நிலைமை வேறு. மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896 ஆம் ஆண்டில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசாகானில் பெரிய அளவில் தோட்டம் எழுந்தது. அந்தக் காலந்தொட்டுத் தோட்டத்தில் நோய் என்றால் தோட்டத்து டிரெசரிடம்தான் போக வேண்டும். பல தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரு கூட்டு ஆஸ்பத்திரியும் சில இடங்களில் இருந்தது. மருந்து நல்லதோ கெட்டதோ, அது தோட்டத்தின் பொறுப்பு என்ற எண்ணம் நம் மக்களிடம் வேரூன்றிவிட்டது. பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நம் பிள்ளைகள் ஆயர் குரோவிலும் பத்து பிரண்டாமிலும் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். லயத்தை விட்டு வந்தோம். டிரெசரையும் விட்டு வந்தோம். ஆனால் "யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணத்தை மட்டும் விடாமல் கூடவே எடுத்து வந்துவிட்டோம். அந்த "யாரோ" இப்போது யார் என்று தெரிந்துகொள்வதுதான் நம் முதல் வேலை.

நேயர்களே, உங்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே ஒரு காப்புறுதி இருக்கிறது. அதன் பெயர் சொக்சோ. மலாய் மொழியில் பெர்கெசோ என்பார்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நிறுவனம் 1971 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன்பு 1952 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி விபத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தப் பணம் கைக்கு வந்த சில மாதங்களில் கரைந்துவிடும். சொக்சோ அப்படியல்ல. அது நாள்தோறும் மாதந்தோறும் வருமானத்தை ஈடுகட்டுகிறது.

1,700 வெள்ளி சம்பளம் வாங்குபவரிடமிருந்து சொக்சோவுக்குப் பிடிக்கப்படுவது மாதம் ஏறக்குறைய 8 வெள்ளிதான். முதலாளி தம் பங்காக ஏறக்குறைய 29 வெள்ளி கட்டுகிறார். இந்தச் சிறிய சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது? நாம் சொன்ன குடும்பத்தையே பார்ப்போம். வேலையிடத்தில் மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நேரும் விபத்து வேலை விபத்தாகவே கருதப்படும். ஆகவே கணவர் சொக்சோவின் பாதுகாப்பில் வருகிறார். சொக்சோவின் பட்டியலில் உள்ள கிளினிக்கிலும் அரசாங்க மருத்துவமனையிலும் அவருக்குச் சிகிச்சை இலவசம். மருத்துவச் சான்று குறைந்தது நான்கு நாட்களுக்கு இருந்தால், நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும். இவருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 44 வெள்ளி. மூன்று மாதம் படுத்திருந்தால் 3,900 வெள்ளிக்கு மேல். பானையில் அரிசி வேகும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். காலில் நிரந்தரக் குறை ஏற்பட்டால் அதற்கும் உதவி உண்டு. உயிரே போய்விட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் பிழைப்பூதியம் உண்டு.

இன்னொரு வசதி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஹங் துவா ஜெயாவில் 2014 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் சொக்சோவுக்குச் சொந்தமானது. விபத்திலும் நோயிலும் உடல் முடங்கியவர்களுக்கு அங்கே உடற்பயிற்சிச் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அளித்து, மீண்டும் வேலைக்குப் போக வழி செய்கிறார்கள். மற்ற மாநிலத்தவர் பல மணி நேரம் பயணம் செய்து வரும் இடம், ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது.

இனி, பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறோம். கவனமாகக் கேளுங்கள். சொக்சோ என்றால் விபத்துக்கு மட்டுமே என்று நம் மக்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அதில் இயலாமைப் பென்ஷன் என்று இரண்டாவது திட்டமும் உண்டு. பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, இருதய நோய் போன்றவற்றால், நல்ல உடம்புக்காரர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாமல் போனவருக்கு இந்தப் பென்ஷன் உரியது. அந்த நோய் வேலையால் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. 60 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். போதிய மாதங்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். தகுதி இருந்தால் சராசரி மாதச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை பென்ஷன் வரும். "உடம்புக்கு முடியவில்லை, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, இதைக் கேட்காமலேயே வீட்டில் முடங்கிக் கிடப்பவர்கள் உண்டு. வேலையை விடுவதற்கு முன் சொக்சோ அலுவலகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். காலம் தாழ்ந்தால் சந்தா விட்டுப்போய்த் தகுதியும் போய்விடக்கூடும்.

ஆனால் இவையெல்லாம் சந்தா கட்டியிருந்தால்தான். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்ததாக எழுதியிருக்கலாம். அது உண்மையில் கட்டப்பட்டிருக்கிறதா என்பது வேறு விஷயம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் கேட்டால் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். கட்டாமல் இருப்பது முதலாளியின் குற்றம். கேட்பது உங்கள் உரிமை. அதில் சண்டையும் இல்லை, வெட்கமும் இல்லை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் மறந்தாலும் நீங்கள் மறக்க வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். போலீஸ் புகாரையும் முதல் நாள் மருத்துவச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

சரி, மனைவியின் கதை என்ன? குத்தகைக்காரரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவரும் தொழிலாளிதான். அந்தக் குத்தகைக்காரரும் சொக்சோ கட்டக் கடமைப்பட்டவர்தான். வீட்டில் தையல் தைத்தோ, பலகாரம் சுட்டு விற்றோ, சொந்தமாகப் பிழைப்பவர்களுக்கு 2017 ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இல்லத்தரசிகளுக்கென்று தனித் திட்டம் 2022 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி தொடங்கியது. 55 வயதுக்குட்பட்ட மலேசியப் பெண்கள் அதில் சேரலாம். ஆண்டுக்கு 120 வெள்ளி. மாதக் கணக்கில் 10 வெள்ளி. வீட்டு வேலை செய்யும்போது நேரும் விபத்துக்கும், நோயால் இயலாமற்போகும் நிலைக்கும் அது உதவும். கூட்டுக்கும் மரண சகாய நிதிக்கும் மாதா மாதம் தவறாமல் காசு கட்டும் நம் தாய்மார்களுக்கு இந்தப் பத்து வெள்ளி பெரிதல்ல. மரண சகாய நிதி நாம் கண்ணை மூடிய பிறகு வருவது. இது கண் திறந்திருக்கும்போதே வருவது.

அடுத்து, சிகிச்சைச் செலவு. இந்த நாட்டில் ஏழைக்கும் வாசல் திறந்திருக்கும் இடம் அரசாங்க மருத்துவமனை. குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி. மலாக்கா பெரியாஸ்பத்திரி, ஜாசின், அலோர் காஜா என மூன்று இடங்களிலும் இதே முறைதான். காத்திருக்க வேண்டும், கூட்டம் இருக்கும், அறுவைச் சிகிச்சைக்குத் தேதி தள்ளிப்போகும் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் காசில்லை என்பதற்காக உயிர் போக வேண்டியதில்லை.

இருந்தாலும் ஒரு செலவு திடீரென்று முளைக்கும். எலும்புக்கு வைக்கும் தகடு, இருதயக் குழாய்க்குள் வைக்கும் சிறு வலை, கண்ணுக்கு வைக்கும் வில்லை போன்ற பொருள்களை நோயாளியே வாங்கித்தர வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும்போது குடும்பம் திகைத்து நிற்கிறது. உடனே தாலியைக் கழற்றி அடகுக் கடைக்கு ஓட வேண்டாம். மருத்துவமனையிலேயே சமூக நல அதிகாரி இருக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்று வார்டில் உள்ள தாதியிடம் சொல்லுங்கள். குடும்ப வருமானத்தை விசாரித்து உதவிக்கு வழி செய்வது அவருடைய வேலை. 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய பெக்கா பி-40 திட்டமும் இருக்கிறது. அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும் குடும்பங்களில் 40 வயதானவர்களுக்கு இலவச உடற்பரிசோதனை, மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி, புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி என்பவை அதில் அடங்கும். வண்டிச் செலவுக்கும் உதவி உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. குறைந்த கட்டணம் குடிமக்களுக்குத்தான். அயலவருக்கான கட்டணம் 2014 ஆம் ஆண்டின் ஆணைப்படி பல மடங்கு அதிகம். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளை இந்த நாட்டிலேயே பிறந்திருந்தாலும் அயலவர் கணக்கில் வைக்கப்படும் நிலை நேருகிறது. தோட்டத்தில் பிறந்து, பதியாமல் விடப்பட்ட பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பிள்ளை நன்றாக ஓடியாடும்போதே பதிவிலாகாவுக்குப் போய் அந்தக் காரியத்தைத் தொடங்குங்கள். நடு இரவில் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடும்போது அதற்கு நேரம் இருக்காது.

இப்போது தனியார் மருத்துவக் காப்புறுதிக்கு வருவோம். மருத்துவ அட்டை என்று சொல்கிறார்களே, அதுதான். அதன் அடிப்படை எளிமையானது. நூறு பேர் மாதந்தோறும் காசு போடுகிறார்கள். அந்த ஆண்டில் நோயுற்ற நாலைந்து பேருக்கு அந்தப் பணம் போகிறது. நம்முடைய மரண சகாய நிதியும் அதே தத்துவந்தான். தனியார் மருத்துவமனையில் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பல்லாயிரம் வெள்ளி ஆகும். சேர்க்கும்போதே முன்பணம் கேட்பார்கள். அட்டை இருந்தால் காப்புறுதி நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தரும். விரைவாகச் சிகிச்சை கிடைக்கும். இது அதன் நன்மை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். மாதம் 150 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,800 வெள்ளி. நம் குடும்பத் தலைவரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதுவும் ஒருவருக்கு மட்டும். வயது ஏற ஏறத் தொகையும் ஏறும். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் பல நிறுவனங்கள் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்த முற்பட்டபோது நாடெங்கும் முணுமுணுப்பு எழுந்தது. அந்த உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்கும்படி அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா கட்டளையிட வேண்டியதாயிற்று. ஆகவே இன்று கட்ட முடிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பத்தாண்டு கழித்தும் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். இளமையில் பத்தாண்டு கட்டிவிட்டு, நோய் வரும் வயதில் கட்ட முடியாமல் விட்டுவிட்டால், கட்டிய காசு நமக்குத் திரும்பாது. முதலீட்டோடு இணைந்த திட்டமாக இருந்தால், கணக்கில் உள்ள சேமிப்பு தீர்ந்ததும் பாதுகாப்பும் தீர்ந்துவிடும்.

அட்டை எடுப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, காத்திருக்கும் காலம். பொதுவாக முதல் 30 நாட்களுக்கு நோய்ச் சிகிச்சைக்குப் பணம் தரமாட்டார்கள். சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாட்கள். இரண்டாவது, ஆண்டுக்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள், அதில் நம் கைக்காசு எவ்வளவு என்பது. மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஏற்கெனவே உள்ள நோயை மறைக்கக் கூடாது. இனிப்புநீர் இருக்கிறதா என்ற கேள்விக்கு "இல்லை என்று போட்டுக்கொள்ளலாம், பரவாயில்லை" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கையெழுத்து உங்களுடையது. பிறகு கிளினிக்கின் பழைய சீட்டு ஒன்று கிடைத்தாலே போதும், கோரிக்கையை நிராகரித்துவிடுவார்கள். பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பித்தரும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த நாட்களில் பள்ளியில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துப் பத்திரத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? நோய் வந்தபின் வரும் கடன் ஒரு பக்கம். அதைவிடக் கொடியது, செலவுக்குப் பயந்து நோயைத் தள்ளிப்போடுவது. 2019 ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இனங்களில் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். ஒரு வெள்ளி கொடுத்துச் சோதிக்க வேண்டிய நோயைச் சோதிக்காமல் விட்டவர், பிறகு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். வேலை போகிறது. அவரை அழைத்துச் செல்ல மனைவியின் கூலியும் போகிறது. அப்பாவுக்குத் துணையாகப் போன மூத்த பிள்ளை பள்ளியிலிருந்து நின்றுவிடுகிறது. வட்டிக்காரரின் கதவைத் தட்டுவது கடைசியில். அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையையும் அந்த நோய் தொட்டுவிட்டது அல்லவா?

ஆகவே எதை முதலில் செய்வது? எங்கள் யோசனை இதுதான். முதலில், காசே இல்லாமல் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: சொக்சோ சந்தா சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், தகுதி உள்ளவர்கள் பெக்கா பி-40 பரிசோதனைக்குப் போங்கள். அடுத்து, மாதம் பத்து வெள்ளியில் முடிவதைச் செய்யுங்கள்: வீட்டுப் பெண்களை இல்லத்தரசிகள் திட்டத்தில் சேருங்கள். மூன்றாவதாக, ஒரு மாதச் சம்பளம் அளவுக்காவது அவசரக் காசாகத் தனியே சேருங்கள். நோய்க்காலத்தில் வண்டிக்கும் வீட்டுக்கும் அதுதான் கைகொடுக்கும். இவ்வளவும் ஆனபிறகு மிச்சம் இருந்தால், தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் கைகொடுத்தால், அப்போது மருத்துவ அட்டையைப் பற்றி யோசியுங்கள். குடும்பத்தில் அதிகம் சம்பாதிப்பவர் யாரோ, அவருக்கு முதலில் எடுப்பது அறிவுடைமை. ஊழியர் சேமநிதியிலும் கடும் நோய்க்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது. ஆனால் அது முதுமைக்கான கஞ்சி. கடைசியாகத்தான் அதில் கை வைக்க வேண்டும்.

தாய்மார்களே, இன்று மாலை ஒரு பிஸ்கட் டின்னைத் துடைத்து எடுத்து வையுங்கள். அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, கிளினிக் புத்தகம், காப்புறுதிப் பத்திரம் ஆகிய அனைத்தையும் அதில் போடுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள மூத்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். நோய் வருவதை நம்மால் தடுக்க முடியாமல் போகலாம். நோயோடு வறுமையும் சேர்ந்து வருவதை நம்மால் தடுக்க முடியும்.